2000ஆம் ஆண்டுக்குப் போன பெட்டி
தொடர் – 9

முல்லைத்தீவில் ஒரு கிளை அலுவலகத்தின் ஃபயர்வோலை நான் யாழ்ப்பாணத்திலிருந்துதான் பராமரிக்கிறேன். பரந்தனில் திரும்பி, விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டி, வட்டுவாகல் பாலத்தால் அங்கே போய்ச் சேர்வதற்குள் அரைநாள் போய்விடும். அதனால் எல்லா வேலையும் விபிஎன் சுரங்கம் வழியாகவே நடக்கும்.

2022 மார்ச் கடைசி. நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. யூபிஎஸ் எவ்வளவு நேரந்தான் தாங்கும்? ஒரு காலை கரண்ட் வந்த பிறகும் சுரங்கம் எழும்பவில்லை. அலுவலகத்து அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“அக்கா, பெட்டியில லைற் எல்லாம் எரியுதோ?”

“எரியுது தம்பி. இன்டர்நெட்டும் வேலை செய்யுது. தலைமை ஒப்பீஸின்ர பக்கம் மட்டும்தான் திறக்குதில்லை.”

பாதி வேலையை அக்காவே முடித்துவிட்டார். லைனில் பிழையில்லை, பெட்டியும் உயிரோடு இருக்கிறது. எனிடெஸ்க் மூலம் அவருடைய கணினிக்குள் போய், அங்கிருந்து ஃபயர்வோலின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். பதிவேட்டில் வரிக்கு வரி ஒரே திகதி: 2000 ஜனவரி 1.

பெட்டிக்குள் கடிகாரத்தை ஓடவைக்கும் நாணய அளவுப் பற்றரி செத்திருந்தது. கரண்ட் போனால் நேரமும் போய்விடும். சுரங்கத்தின் இரு முனைகளும் டிஜிட்டல் சான்றிதழைக் காட்டித்தான் ஒன்றையொன்று நம்புகின்றன. சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 2000இல் நிற்கும் பெட்டிக்கு, 2021இல் வழங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. சரியான நேரத்தை என்டிபி சேவையகத்திடம் கேட்டு வாங்கியிருக்கலாமே என்றால், அந்தச் சேவையகம் தலைமை அலுவலகத்தில், சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. நேரம் கிடைக்கச் சுரங்கம் வேண்டும், சுரங்கம் எழும்ப நேரம் வேண்டும். அப்படி அமைத்தவன் நான்தான்.

திகதியைக் கையால் திருத்தியதும் சுரங்கம் எழும்பியது. பிறகு, சுரங்கத்தின் தயவில்லாமல் எட்டக்கூடிய பொது என்டிபி முகவரி ஒன்றையும் சேர்த்தேன்.

“நிர்வாகப் பக்கத்தை வெளியாலயும் திறந்து விட்டிருந்தால் இவ்வளவு பாடு இல்லையே” என்றார் கூட வேலை செய்பவர். வன்னித் தூரத்துக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கதவு நமக்கு மட்டும் திறப்பதில்லை. போர்ட்டினெட் பெட்டிகளின் விபிஎன்னில் இருந்த ஓட்டை ஒன்றுக்கு 2019 மே மாதமே திருத்தம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2021 செப்டெம்பரில் ஏறத்தாழ 87,000 பெட்டிகளின் கடவுச்சொற்கள் வெளியே கொட்டப்பட்டன. திருத்தத்தைப் போட்டும் பழைய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவர்களுக்கும் அந்த ஆபத்து இருந்தது. நம் நாட்டிலும் 2023இல் லங்கா அரச மேகக்கணியில் கப்பம் கேட்கும் நிரல் புகுந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்துபோயின. அங்கே ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள்.

எனவே ஒரு நடுவழி எடுத்தேன். நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து எங்கள் யாழ்ப்பாண அலுவலகத்தின் ஒரேயொரு நிலையான முகவரிக்கு மட்டும் திறக்கும். கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் எண்ணும் வேண்டும். அந்த விதியைப் போடுமுன், 10 நிமிடத்துக்குள் நான் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பும்படி பெட்டிக்குச் சொல்லிவைத்தேன். ஜூனிப்பர், மைக்ரோடிக், போர்ட்டிகேட் எல்லாவற்றிலும் இதற்கு ஏதோவொரு வழி உண்டு. தூரத்திலிருந்து வேலை செய்பவர் அதைத் தொடாமல் ஒரு விதியையும் மாற்றக்கூடாது. ஒரு வரி பிழைத்தால் கொன்சோல் கேபிளோடு பஸ் ஏறவேண்டியதுதான்.

பற்றரியை மாற்ற மட்டும் நேரில் போனேன். மூடியைக் கழற்றும்வரை அக்கா டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது கரண்ட் வந்து போனால், லைற்றோடு திகதியையும் பார்த்துவிட்டுத்தான் எனக்கு எடுக்கிறார்.

(அடுத்த வாரம்: பதிவேட்டை வாசிப்பது எப்படி?)