ஒரே காடு, மூன்று மாவட்டங்கள்

மென்பொருளில் அழகு என்று பொறியாளர்கள் சொல்வது பெரும்பாலும் உள்கட்டமைப்பின் ஒழுங்கைத்தான். நில ஆவணம் அந்த ஒழுங்குக்குக் கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தோன்றும்: மாவட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் கிராமம், கிராமத்துக்குள் புல எண், அதற்குள் உட்பிரிவு. தமிழக அரசின் பட்டா-சிட்டா இணையதளமும் இதே வரிசையில்தான் விவரம் கேட்கிறது.

தேடி வருகிறவரின் கையில் இருப்பதோ பழைய பத்திரம். அரியலூர்ப் பக்கம் 1995 வரை திருச்சி மாவட்டம். அந்த ஆண்டு பெரம்பலூர் பிரிந்தபோது அதனோடு போனது. 2001-இல் தனி மாவட்டமானது, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. ஒரே முந்திரிக்காட்டுக்கு, எழுதிய ஆண்டைப் பொறுத்து, மூன்று மாவட்டப் பெயர்களில் பத்திரம் இருக்கலாம். போதாக்குறைக்கு, அந்த மாவட்டத்தின் உடையார்பாளையம் வட்டத்தின் அலுவலகம் இருப்பது ஜெயங்கொண்டத்தில். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நிலப் பதிவேட்டுத் திருத்தமும் பல ஊர்களில் எண்களை மாற்றிவிட்டது. தாத்தா வாங்கிய கிரயப் பத்திரத்தின் எண்ணை அப்படியே தட்டினால் அடுத்தவர் நிலம் வரலாம். ஒன்றுமே வராமலும் போகலாம்.

ஒழுங்கை மட்டும் பார்க்கும் பொறியாளருக்கு இது தப்பான உள்ளீடு. பயனரைப் பார்ப்பவருக்கு வேலையே இங்குதான் தொடங்குகிறது. பழைய எண்ணையும் பழைய மாவட்டப் பெயரையும் ஏற்கும் தேடல் தரவுத்தளத்தின் அழகைக் கொஞ்சம் குலைக்கும், குலைந்தால் நஷ்டமில்லை. பெயரை வைத்துத் தேட பட்டா-சிட்டா தளத்தில் வழி இருப்பது நல்ல காரியம். (ஒரு கிராமத்தில் எத்தனை முருகேசன்கள் என்பது வேறு கதை.)

பயனர் கையில் இருப்பதற்கேற்ப ஏற்பாட்டை மாற்றுவது யு.பி.ஐ. பணப் பரிமாற்றத்திலும் நடந்தது. 2016-இல் ஸ்மார்ட்போனை நம்பி வந்த அந்த ஏற்பாட்டுக்கு, 2022 மார்ச்சில் பட்டன் போன்காரர்களுக்காக 123பே சேர்க்கப்பட்டது. குரல் அழைப்பும் மிஸ்டு காலும் புதுமையான தொழில்நுட்பமல்ல. ஆனால் அவர்கள் கையில் இருந்தது அதுதான்.

பயனர் யார் என்பதிலும் தடுமாற்றம் உண்டு. பட்டா விவசாயிக்குரியது, திரைமுன் உட்கார்ந்திருப்பவர் பல நேரம் இ-சேவை மையத்து ஊழியர். ஓ.டி.பி. போகும் போன் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கக்கூடும். 2011-இல் தொடங்கிய பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு, பயனரின் தேவையிலிருந்து தொடங்குவதையே முதல் வடிவமைப்பு விதியாக்கியது. அரியலூர் மாவட்டத்துச் செந்துறையில் அந்த விதியைக் கடைப்பிடிப்பதென்றால், இ-சேவை மையத்தின் நாற்காலியில் ஒரு முற்பகல் உட்கார்ந்து, யார் எதைத் தட்டுகிறார், எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்வது.