தள்ளிப்போன மின்னஞ்சல் மாற்றம்: தவணை நீண்டது, கடன் தீரவில்லை

வணிகத்தில் உள்ள நமக்குத் தவணை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘பாக்கியை அடுத்த மாதம் கொடுங்கள்’ என்று மொத்த வியாபாரி சொன்னால், பாக்கியே தள்ளுபடியாகிவிட்டது என்று எந்தச் சில்லறை வியாபாரியும் எண்ணுவதில்லை. பணம் புரட்ட ஒரு மாதம் கிடைத்தது என்றுதான் எண்ணுகிறார். ஆனால் கணிப்பொறி சம்பந்தப்பட்ட காரியங்களில் மட்டும் இந்தப் பாடம் நமக்கு மறந்துவிடுகிறது. ‘தேதி தள்ளிப்போய்விட்டதாம்’ என்று காதில் விழுந்த உடனே, அந்த வேலையையே கைகழுவிவிடுகிறோம்.

அப்படித் தள்ளிப்போன ஒரு மாற்றம் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ‘அவுட்லுக்’ மின்னஞ்சல் மென்பொருள். நம் உறுப்பினர்கள் பலரின் அலுவலகங்களில் கணக்குப்பிள்ளையின் மேசையில் பல ஆண்டுகளாக இருந்துவரும் மென்பொருள் இது. இதைப் ‘பழைய அவுட்லுக்’ என்று வகைப்படுத்தி, அதன் இடத்தில் ‘புதிய அவுட்லுக்’கைக் கொண்டுவரும் பணியை அந்நிறுவனம் கட்டம் கட்டமாகச் செய்து வருகிறது. பெரிய நிறுவனங்களுக்கான உரிமத்தில் இந்த மாற்றம் 2026 ஏப்ரலில் தொடங்கும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது 2027 மார்ச் என்று தள்ளி வைக்கப்பட்டது.

‘மின்னஞ்சல் எல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்கு; நமக்கு வாட்ஸ்அப் போதும்’ என்று சில உறுப்பினர்கள் சொல்லக்கூடும். ஆனால் கம்பெனிகளின் விலைப்பட்டியல், விலைப்புள்ளி, வங்கியின் கணக்கு அறிக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக ஜி.எஸ்.டி. துறையின் அறிவிப்பு ஆகியவை வந்து சேரும் இடம் மின்னஞ்சல் பெட்டிதான். அந்தப் பெட்டி ஒரு வாரம் திறக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தவணை யாருக்கு?

முதலில் கவனிக்க வேண்டியது இது. 2027 மார்ச் என்ற தவணை எல்லோருக்கும் உரியது அன்று. பெரிய நிறுவனங்களுக்கான ‘எண்டர்பிரைஸ்’ உரிமம் வைத்திருப்போருக்கு மட்டுமே உரியது. நம்மைப் போன்ற சிறு, நடுத்தர நிறுவனங்கள் பெரும்பாலும் வாங்கும் ‘பிசினஸ் ஸ்டாண்டர்ட்’, ‘பிசினஸ் பிரீமியம்’ உரிமங்களில் இந்த மாற்றம் 2025 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. பக்கத்துக் கடைக்காரருக்குக் கிடைத்த தவணையை நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியுமா?

ஆகவே நம்மிடம் இருப்பது எந்த உரிமம் என்று பார்த்துக்கொள்வது அவசியம். பழைய அவுட்லுக்கில் ‘ஃபைல்’ என்பதை அழுத்தி ‘ஆபீஸ் அக்கவுண்ட்’ என்ற பக்கத்திற்குப் போனால் உரிமத்தின் பெயர் தெரியும். ஒரே முறை விலை கொடுத்து வாங்கிய 2016, 2019 பதிப்புகளாக இருந்தால், அவற்றிற்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததும் அதே நாளில்தான். விண்டோஸுடன் இலவசமாக வந்த ‘மெயில்’ செயலி 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவை இழந்தது. அதன்பின் அதில் கடிதம் அனுப்பவோ பெறவோ இயலாது.

பதற்றப்படவும் வேண்டாம். தற்போதைய உரிமங்களில் உள்ள பழைய அவுட்லுக்கிற்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று அந்நிறுவனம் கூறியுள்ளது. தானாகப் புதியதற்கு மாறிவிட்டாலும், இப்போதைய கட்டத்தில் பழையதற்குத் திரும்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கடைசிக் கட்டத்தில்தான் அந்தக் கதவு மூடப்படும்.

தள்ளிப்போனவை வராமல் போவதில்லை

‘இப்படித் தள்ளிக்கொண்டே போவார்கள்; கடைசியில் கைவிட்டுவிடுவார்கள்’ என்று கருதுவோருக்கு ஒரு முன்னுதாரணம் சொல்வோம். மின்னஞ்சல் பெட்டியை வெறும் பெயர், கடவுச்சொல் கொண்டு திறக்கும் பழைய முறையை 2020 அக்டோபர் 13-ஆம் தேதி நிறுத்தப் போவதாக இதே மைக்ரோசாப்ட் 2019-இல் அறிவித்தது. கொரோனா வந்தது, 2021-இன் பிற்பாதிக்குத் தள்ளிவைத்தார்கள். பிறகு அதையும் ஒத்திவைத்து 2022 அக்டோபர் 1 என்றார்கள். அந்தத் தேதி நெருங்கியபோது, கேட்டவர்களுக்கு மட்டும் அவ்வாண்டு டிசம்பர் வரை நீட்டிப்புத் தந்தார்கள். 2023 ஜனவரியில் அம்முறை ஒரேயடியாக அடைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தேதி நகர்ந்ததே தவிர, முடிவு நகரவில்லை.

நம் வணிக உலகிலும் இது புதிதல்ல. சென்னைக் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தையைக் கோயம்பேட்டுக்கு மாற்றும் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஆனால் 1996-இல் சந்தை மாறியே தீர்ந்தது.

முதல் வேலை இருப்பெடுப்பு

ஆண்டு முடிவில் சரக்கு இருப்பெடுப்பது போல, மின்னஞ்சலுக்கும் ஓர் இருப்பெடுப்பு வேண்டும். அதற்கு வல்லுநர் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நிறுவனத்தில் எத்தனை மின்னஞ்சல் முகவரிகள் உள்ளன, ஒவ்வொன்றையும் யார் பார்க்கிறார், எந்தக் கணிப்பொறியில், எந்தக் கைப்பேசியில் பார்க்கிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். வேலையை விட்டுப் போன ஊழியரின் பெயரில் இன்னும் கொள்முதல் கடிதங்கள் வந்துகொண்டிருப்பது இந்தக் கணக்கெடுப்பில்தான் வெளிப்படும்.

அடுத்து, ஆள் அல்லாதவை எவையெல்லாம் மின்னஞ்சல் அனுப்புகின்றன என்று பார்க்க வேண்டும். டாலி போன்ற கணக்கு மென்பொருளிலிருந்து பில்கள் போகின்றனவா? ஜெராக்ஸ் இயந்திரம் ஸ்கேன் செய்து நேராக மின்னஞ்சலில் அனுப்புகிறதா? கிடங்கில் உள்ள கண்காணிப்புக் கேமரா எச்சரிக்கை அனுப்புகிறதா? இவற்றில் எப்போதோ ஒருவர் கடவுச்சொல்லைப் பதிந்து வைத்திருப்பார். மாற்றத்தின்போது முதலில் நின்றுபோவது இவைதாம். வாடிக்கையாளர் ‘பில் வரவில்லையே’ என்று கேட்கும்வரை நமக்குத் தெரியவும் தெரியாது.

அவுட்லுக்கோடு இணைத்து இயங்கும் துணை மென்பொருள்கள் உள்ள உறுப்பினர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ‘காம்’ என்ற பழைய முறையில் எழுதப்பட்ட துணை மென்பொருள்கள் புதிய அவுட்லுக்கில் இயங்கா. அவற்றை விற்றவரிடம், ‘புதியதற்கு ஏற்ற பதிப்பு உண்டா, எப்போது கிடைக்கும்?’ என்று எழுத்து மூலமாகக் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பழைய கடிதங்கள் எங்கே இருக்கின்றன?

நாம் அதிகம் அஞ்ச வேண்டிய இடம் இதுதான். பல கடைகளில் மின்னஞ்சல் ‘பாப்’ என்ற முறையில் இறக்கப்படுகிறது. தபால் நிலையத்திலிருந்து கடிதத்தை எடுத்து வந்துவிட்டால் அங்கே பிரதி இருக்காதல்லவா? அதுபோல, நகல் வைத்துக்கொள்ளும்படி அமைக்காவிட்டால், கடிதம் சர்வரிலிருந்து நீங்கி அந்த ஒரு கணிப்பொறியில் மட்டுமே தங்கும். அவுட்லுக்கில் அது ‘பி.எஸ்.டி.’ என்னும் கோப்பாக இருக்கும். பத்தாண்டுக் கடிதப் போக்குவரத்து, பாக்கி ஒப்புதல்கள், விலை பேசிய விவரங்கள் எல்லாம் தூசு படிந்த ஒரே பெட்டிக்குள் கிடக்கும்.

புதிய அவுட்லுக்கில் இந்தக் கோப்புகளைக் கையாளும் வசதி படிப்படியாகத்தான் சேர்க்கப்பட்டு வந்திருக்கிறது. பழையதில் செய்ததையெல்லாம் அதில் செய்துவிடலாம் என்று நம்பி இறங்கக் கூடாது. எனவே தவணைக் காலத்தில் இதைச் செய்து முடிக்க வேண்டும்: அவுட்லுக்கை முழுதும் மூடிவிட்டு, அந்தக் கோப்புகளை இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் நகல் எடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை வீட்டிலும் வைக்க வேண்டும். எடுத்த நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து, ஐந்தாறு பழைய கடிதங்களைப் படித்தும் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்ப இயலாது.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, கணக்குகளையும் ஆவணங்களையும் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். மின்னஞ்சலில் மட்டுமே உள்ள பில்களும் இதில் அடங்கும் என்பதை மறக்கலாகாது.

முகவரி மாறினால் வரும் ஆபத்து

மென்பொருள் மட்டும் மாறினால் முகவரி மாறாது. ஆனால் ‘இந்தச் சாக்கில் சேவையையே மாற்றிவிடுவோம்’ என்று முகவரியையும் மாற்றுவோர் உண்டு. அவர்கள் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169-ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு அறிவிப்பை அனுப்பினாலே, அது சட்டப்படி சார்பு செய்யப்பட்டதாகும். ‘அந்தப் பெட்டியை நாங்கள் இப்போது பார்ப்பதில்லை’ என்ற பதில் கைகொடுக்காது. ஓர் உத்தரவின் மேல் முறையீடு செய்ய 107-ஆவது பிரிவு தருவது மூன்று மாதம். பழைய பெட்டியில் உத்தரவு உறங்கிக்கொண்டிருக்க, அந்த மூன்று மாதமும் ஓடிவிடும்.

ஆகவே முகவரி மாறுவதானால், பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே ஜி.எஸ்.டி. தளத்தில் நுழைந்து புதிய முகவரியைப் பதிந்து ஓ.டி.பி. மூலம் உறுதிசெய்துவிட வேண்டும். வருமான வரி, வங்கி, காப்பீடு, ஈ-வே பில் ஆகிய ஒவ்வொன்றிலும் இப்படியே. பழைய பெட்டியை உடனே மூடாமல், சில மாதங்களுக்காவது அதற்கு வருபவை புதிய பெட்டிக்குத் திரும்பி வரும்படி வைத்திருக்க வேண்டும்.

சொந்தத் தளப்பெயர் உள்ளவர்கள் மற்றொன்றையும் பார்க்க வேண்டும்: அந்தப் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது? கடைப் பெயரை நாம் வைத்திருக்க, தளப்பெயரை என்றோ கணிப்பொறி பார்க்க வந்த இளைஞர் தம் பேரில் பதிந்திருக்கும் நிலை பல இடங்களில் உள்ளது. கடிதங்களைப் புதிய சர்வருக்குத் திருப்ப அவருடைய கடவுச்சொல் வேண்டும். மாற்றம் நடக்கும் இரவில் அவரைத் தேடி அலைவதைவிட, இன்றே கேட்டு நம் பேருக்கு மாற்றிக்கொள்வது மேல்.

வெள்ளோட்டமும் நாள் குறிப்பதும்

ஒரே நாளில் எல்லோரையும் மாற்றுவது தவறு. முதலில் ஒருவர் அல்லது இருவர் புதிய அவுட்லுக்கில் ஒரு மாதம் வேலை பார்க்கட்டும். கணிப்பொறியில் ஆர்வமுள்ள பையனை மட்டும் தேர்ந்தெடுத்தால் குறைகள் தெரியா. இருபது ஆண்டுகளாக ஒரே முறையில் வேலை செய்துவரும் கணக்குப்பிள்ளையும் அதில் இருக்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அதுதான் நாம் சரிசெய்ய வேண்டிய இடம். அவர் கேட்கும் கேள்விகளையே ஒரு தாளில் விடையோடு எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், மற்றவர்களுக்கு அதுவே பயிற்சி நூல்.

நாள் குறிப்பதில் நம் வணிகப் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோர்க்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஆகாத நாட்கள். மார்ச் முடிவு, தீபாவளி, பொங்கல், ஜவுளிக்காரர்களுக்கு ஆடித் தள்ளுபடிக் காலம் இவையும் கூடா. சனிக்கிழமை கடை அடைத்தபின் தொடங்கினால், ஞாயிறு முழுதும் சரிபார்க்கக் கிடைக்கும்.

மோசடிக்காரர்களும் காத்திருக்கிறார்கள்

மாற்றம் வருகிறது என்ற செய்தி பரவும்போது, ‘உங்கள் பெட்டி இன்று மூடப்படும், இங்கே அழுத்துங்கள்’ என்ற போலிக் கடிதங்களும் பரவும். கடவுச்சொல் கேட்டு வரும் எந்தக் கடிதத்திற்கும் பதில் தரக் கூடாது என்று கல்லாவில் இருப்பவர் முதல் கிடங்குப் பொறுப்பாளர் வரை சொல்லி வைக்க வேண்டும். ‘எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தால், நம்மிடம் ஏற்கெனவே உள்ள தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுப் பேசாமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். கிடைத்த தவணையை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். முதல் பங்கில் இருப்பெடுப்பும் நகல் எடுப்பும், இரண்டாம் பங்கில் வெள்ளோட்டம், மூன்றாம் பங்கில் மற்றவர்களின் மாற்றம். தேதி மறுபடியும் தள்ளிப்போனாலும் இந்த உழைப்பு வீணாகாது. பத்திரமான நகலும், நம் பேரில் உள்ள தளப்பெயரும், சரியான ஜி.எஸ்.டி. முகவரியும் எந்த நாளிலும் நமக்கு வேண்டியவையே. இருப்பெடுப்பு நோட்டை இந்த வாரமே தொடங்கிவிடுவோம்.