சாலையில் மரம் சாய்ந்துவிட்டதா? அரிவாளை எடுப்பதற்கு முன் கம்பியைப் பாருங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் அவிநாசி பக்கம் மழைக்கு முன்னால் காற்றுதான் வரும். பகல் முழுக்க வெயில் கொளுத்தும். சாயங்காலம் வானம் கறுக்கும். புழுதியைக் கிளப்பிக்கொண்டு பத்து நிமிடம் ஒரு சூறைக்காற்று அடிக்கும், அப்புறம்தான் மழை. வாழைத் தோட்டம் படுத்துவிடவும் சாலையோர மரத்தின் கிளை முறியவும் அந்தப் பத்து நிமிடமே போதும். ஜூன் தொடங்கி ஆடி முழுக்க பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வேறு ரகம். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதும் அதுதான். கடலோர மாவட்டங்களுக்குப் புயல் எப்படியோ, கொங்குப் பகுதிக்கு இந்த இரண்டு காற்றும் அப்படி.

கோடை மழைக் காற்று அடிக்கும் நேரமும் மோசமான நேரம். பனியன் கம்பெனி வேன்களும் டூ-வீலர்களும் அவிநாசி - திருப்பூர் சாலையை நிறைத்திருக்கும். மரம் குறுக்கே விழுந்த சில நிமிடங்களில் இரண்டு பக்கமும் ஹாரன் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் அரிவாளோடு வந்து நிற்பார். நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் விழுந்த மரத்தை வெட்டப் போகிறவருக்கு அதில் இரண்டு ஆபத்துகள் காத்திருக்கின்றன. ஒன்று கரண்ட். இன்னொன்று மரத்தின் எடை.

பவர் கட் ஆனாலும் கம்பி செத்துவிடாது

நம் ஊரில் மின்கம்பி பெரும்பாலும் மரத்தை ஒட்டியேதான் போகிறது. மரம் சாய்ந்தால் கம்பியையும் இழுத்துக்கொண்டு வரும். தெருவில் லைட் எரியவில்லை, கடைகளில் கரண்ட் இல்லை, அதனால் கம்பியிலும் கரண்ட் இருக்காது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. ஃபால்ட் சரியாகிவிட்டதா என்று பார்க்க, துணை மின்நிலையத்திலிருந்து லைனை மறுபடி சார்ஜ் செய்து பார்ப்பது உண்டு. இப்போது செத்துக் கிடக்கும் 11 ஆயிரம் வோல்ட் கம்பி அடுத்த நிமிடம் உயிர் பெறலாம்.

கம்பியைத் தொட்டால்தான் ஷாக் என்பதும் இல்லை. ஈரத் தரையில் கம்பி கிடந்தால் அதைச் சுற்றியுள்ள மண்ணிலும் மின்சாரம் பரவும். கம்பிக்குக் கிட்டே வோல்டேஜ் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். எட்டி நடக்கும்போது ஒரு கால் அதிக வோல்டேஜிலும் இன்னொரு கால் குறைந்த வோல்டேஜிலும் இருக்கும். அந்த வித்தியாசம் உடம்பு வழியாகப் பாயும். அறுந்து விழுந்த கம்பிக்குப் பக்கத்தில் போன மாடுகள் செத்துக் கிடந்த செய்தியை மழைக்காலத்தில் அடிக்கடி படித்திருப்பீர்கள். அவற்றின் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். எனவே, கம்பி கிடந்தால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தோராயமாக ஒரு டவுன் பஸ்ஸின் நீளம். ஈர மரமும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கம்பி சிக்கிய கிளைக்கும் இதே விதிதான்.

காருக்குள் இருக்கும்போது மேலே கம்பி விழுந்தால் உள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் பாதுகாப்பு. கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைக்கும் நொடிதான் ஆபத்தானது. வண்டியில் தீப்பிடித்து, இறங்கியே ஆக வேண்டும் என்றால், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதிக்க வேண்டும். பிறகு கால்களைத் தூக்காமல், ஒட்டியபடியே தேய்த்து நகர வேண்டும். டூ-வீலருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

பனியன் பெல்ட்டில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கரண்ட் போன நிமிடமே நிட்டிங், தையல், டையிங் யூனிட்களில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் முறையாகப் பொருத்தப்பட்டிருந்தால் பிரச்சினை இல்லை. குறுக்குவழியில் ஒயர் கொடுத்திருந்தால், ஜெனரேட்டர் மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாகவே வெளியே கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாக நுழைந்தால் 400 வோல்ட் 11 ஆயிரமாக ஏறிவிடும். அங்கே மரத்தை அகற்ற ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர், யாரோ ஒரு கம்பெனியின் பின்வாசல் ஒயரிங்கில் தொங்கும்.

மின் ஊழியர்கள் வந்ததும் உடனே கம்பத்தில் ஏறாமல் போன் பேசிக்கொண்டே நிற்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் முதலில் 'எல்.சி.' வாங்குவார்கள். அதாவது, வேலை முடிந்ததாக அவர்களே சொல்லும்வரை அந்த லைனுக்குச் சப்ளை கொடுக்க மாட்டோம் என்ற உறுதி. அடுத்து எர்த் ராடு போட்டு கம்பியைப் பூமியோடு இணைப்பார்கள். வேறு எங்கிருந்தாவது கரண்ட் வந்தாலும் அது தரைக்குப் போய்விடும். ஓரமாக நின்று "ஏனுங்க இவ்ளோ நேரம்?" என்று அவசரப்படுத்துவதைவிட, பக்கத்து யூனிட்டில் ஜெனரேட்டர் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று ஒருவர் போய்ப் பார்த்தால் உபயோகமாக இருக்கும்.

விழுந்த மரம் இழுத்துக் கட்டிய வில் மாதிரி

கம்பி எதுவும் இல்லை, வெறும் மரம்தான் என்றால்? அப்போதும் மரம் சும்மா கிடக்கவில்லை. அடியில் மாட்டிய கிளைகள் பல நூறு கிலோ எடையைத் தாங்கி வளைந்திருக்கும். அப்படி ஒரு கிளையை வெட்டியதும் அது விசிறி அடிக்கும். இரண்டு முனையும் தரையில் ஊன்றி நடுவில் தொங்கும் கட்டையின் மேல்பக்கம் அமுங்கியும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு மூடி, செயின்சாவின் பிளேடு உள்ளே சிக்கும். ஒரு முனை மட்டும் தாங்கி நிற்கும் கட்டைக்கு எல்லாம் தலைகீழ். அனுபவமுள்ள மரவெட்டி வெட்டுவதற்கு முன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது இதற்காகத்தான்.

வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னொன்றும் உண்டு. அடிமரத்தை அறுத்துவிட்டால், நிமிர்ந்து நிற்கும் வேர்க்கட்டி திடீரென்று பழைய குழிக்குள் திரும்பி விழலாம். அந்தக் குழிக்குள் சின்னப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பதும் செல்ஃபி எடுப்பதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. அவர்களைத்தான் முதலில் விரட்ட வேண்டும்.

செயின்சா இப்போது ஆன்லைனிலேயே சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிளேடு நுனியின் மேல்பகுதி கிளையில் பட்டால், மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, பூட்ஸ் இல்லாமல் லுங்கி, செருப்போடு, அதுவும் ஏணியில் நின்று அறுப்பதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது.

சரி, யாருக்கு போன் பண்ணுவது?

ஆள் சிக்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், 112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே எண். கம்பி அறுந்திருந்தால் மின் வாரியத்தின் மின்னகம், 94987 94987, 24 மணி நேரமும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

மரம் யாருடையது என்பதுதான் குழப்பம். சேலம் - கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544 அவிநாசி வழியாகப் போகிறது. அதில் மரம் விழுந்தால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033. மாநில நெடுஞ்சாலையோரப் புளியமரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை. ஊருக்குள் தெரு என்றால் உள்ளாட்சி அலுவலகம். சொந்தக் காம்பவுண்டுக்குள் விழுந்தால் செலவு உங்களுடையது. எது என்று தெரியாமல் நேரத்தை வீணாக்குவதைவிட 1077-க்குச் சொல்லிவிடுவது மேல், எந்தத் துறை என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சொல்லும்போது மூன்று விஷயம் அவசியம்: பக்கத்தில் உள்ள மின்கம்பத்தின் எண், கம்பி அறுந்திருக்கிறதா இல்லையா, யாராவது சிக்கியிருக்கிறார்களா. போன் வரும்வரை சும்மா நிற்காமல், இரண்டு பக்கமும் வண்டிகளைத் தள்ளியே நிறுத்தலாம். இருட்டில் வளைவைத் தாண்டி வரும் பைக்குக்கு மரம் கிடப்பது தெரியாது.

அரசு மரத்தின் கட்டை அரசுச் சொத்து. விறகு நல்லா இருக்கே என்று டெம்போவில் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

வண்டி மேல் மரம் விழுந்திருந்தால் நகர்த்துவதற்கு முன் போட்டோ, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் சொந்தச் சேதத்தையும் சேர்த்த பாலிசி இருந்தால் க்ளெய்ம் கிடைக்கும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசிக்குக் கிடைக்காது.

வெட்டி அகற்றுவதற்கும் ஒரு விலை

மரத்தை அகற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதைத் தமிழ்நாடு முழுமையாகப் பார்த்தது கஜா புயலில். 2018 நவம்பர் 16 அதிகாலை, வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த அந்தப் புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. விழுந்த தென்னைக்கு அரசு அறிவித்த தொகை 1,100 ரூபாய். அதில் 600 ரூபாய் மரத்துக்கு, 500 ரூபாய் வெட்டி அப்புறப்படுத்த. பல வருடம் காய்த்த தென்னையின் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது, அதைத் தூக்கிப் போடும் செலவு. மற்ற மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் போய் வேலை பார்த்தும், உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. மரத்தை அகற்றாமல் கம்பம் நட முடியாது, கம்பம் நடாமல் கம்பி இழுக்க முடியாது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. தூங்குமூஞ்சி, குல்மோகர் மாதிரி வெளிநாட்டு மரங்கள்தான் தாங்கவில்லை என்று அப்போது பேச்சு வந்தது. அதில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மை. அடிமரம் வரை தாரும் சிமென்டும் போட்டு மூடி, குழாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்துவிட்டால் வேம்பும் சாயும்.

அவிநாசியில் அடுத்த காற்றுக்கு முன் பார்க்க வேண்டியதும் அதையேதான். மரம் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா? அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா? பொந்து பெரிதாகியிருக்கிறதா? போன மழைக்குப் பிறகு சாய்வு கூடியிருக்கிறதா? சந்தேகம் வந்ததும் முழு மரத்தையும் வெட்டச் சொல்ல வேண்டியதில்லை. பல நேரம் எடை கூடிய கிளைகளைக் கழித்தாலே போதும். பொது இடத்தில் உள்ள மரத்தை முழுதாக வெட்ட, கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

விழுந்து ஆளைக் காயப்படுத்தும் நிலையில் ஒரு மரம் நின்று, அதற்குரியவர் கண்டுகொள்ளவில்லை என்றால் சட்டத்தில் வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவாக இருக்கிறது. அந்த மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுக்கவோ சொல்லி கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் உத்தரவிட முடியும். மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றாலும் இது பொருந்தும், ஆனால் ஆபத்து பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ அந்த வழியாகப் போகிறவர்களுக்கோ இருக்க வேண்டும். மனுவோடு தேதி தெரியும் இரண்டு போட்டோக்களை இணைத்துவிடுங்கள், ஒன்று மரம் முழுதாகத் தெரியும்படி, இன்னொன்று அடிமரம் மட்டும்.