குனிந்த குரு

அதிகாரத்தைப் பற்றிக் கிறிஸ்தவ சமயம் யாது கருதுகின்றது என அறிய விரும்புவோர் பெருநூல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தையும் ஒரு துவாயையும் நோக்கினாற் போதும்.

தாம் பிடிபடுவதற்கு முந்திய இராப்போசனத்தில் இயேசு பந்தியை விட்டு எழுந்து, துவாயை இடையிற் கட்டிக்கொண்டு, சீடரின் பாதங்களைக் கழுவினார் என்று யோவானின் சுவிசேஷம் கூறுகின்றது. அந்நாளில் அஃது அடிமைக்குரிய வேலை. நம்மவரிடையே சீடனன்றோ குருவின் பாதத்தைக் கழுவுவான்? இங்கு முறை தலைகீழாகின்றது. பேதுரு கூசி மறுத்ததில் வியப்பில்லை. காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அப்பந்தியில் இருந்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

பெரியபுராணம் படித்தோருக்குக் கலிக்கம்ப நாயனார் நினைவுக்கு வருவார். முன்பு தம் வீட்டில் ஏவல் செய்தவன் சிவனடியாராய் வந்தபோது அவன் காலை விளக்க அவர் முற்பட்டார். மனைவியாரோ நீர் வார்க்கத் தயங்கினார். அக்கதையின் முடிவு கொடியது, அது நிற்க. ஒருவர் தாழ முற்படும்போது அருகிலிருப்போருக்கே அது பொறுக்க முடியாததாகின்றது போலும்!

இச்செயல் சடங்கானபின் நேர்ந்ததைப் பாருங்கள். இங்கிலாந்து மன்னர்கள் பெரிய வியாழனன்று ஏழைகளின் கால்களைக் கழுவி வந்தனர். முதலாம் எலிசபெத்து மகாராணி தொடுமுன்னரே அக்கால்களை அரண்மனைச் சலவைக்காரரும் அதிகாரிகளும் கழுவிச் சுத்தஞ் செய்துவிடுவர்! அழுக்கற்ற காலைக் கழுவுவதில் யாது தாழ்மை? பிற்காலத்திற் கழுவுதலும் நின்றது. காசு வழங்குதல் மாத்திரம் இன்றும் நடைபெறுகின்றது.

2013 மார்ச்சில் பாப்பரசராகத் தெரிவான பிரான்சிஸ், அம்மாதமே வந்த பெரிய வியாழனன்று உரோமாபுரியிலுள்ள காசல் டெல் மார்மோ என்னும் இளங்குற்றவாளர் சிறைக்குச் சென்று, பன்னிருவரின் பாதங்களைக் கழுவி முத்தமிட்டார். அவருள் இருவர் பெண்கள். அவ்விருவரில் ஒருத்தி இஸ்லாமியப் பெண். திருச்சபை விதி அக்காலத்தில் ஆண்களையே குறித்தது. ஆதலாற் சிலர் முகஞ்சுளித்தனர். 2016இல் விதியே மாற்றப்பட்டது. கழுவியதிலும் பார்க்க, எவருடைய காலைக் கழுவினார் என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

2025 ஏப்பிரல் 17ஆந் திகதி, 88 வயதில், ஐந்து வாரங்களுக்கு மேல் வைத்தியசாலையிற் கிடந்து மீண்ட அவர், சக்கர நாற்காலியில் ரெஜினா சேலி சிறைக்குச் சென்றார். குனிவதற்கு உடலில் வலுவில்லை. இம்முறை கழுவ இயலவில்லை என்பதைக் கைதிகளிடமே கூறி, சுமார் 70 பேரைச் சந்தித்து, அவர்களுடன் செபித்துத் திரும்பினார். நான்காம் நாள் அவர் காலமானார்.