மும்பையில் முழங்கிய தவில்

ஸ்டுடியோவில் தப்பு வந்தால் திரும்ப வாசிக்கலாம். மேடைப் பதிவில் ஒருத்தர் ஓசை அடுத்தவர் மைக்கிலும் ஏறிவிடும். பிழையை மட்டும் பிரித்து அழிப்பது கஷ்டம். விருந்தாளிக் கலைஞர்களும் சேர்ந்தால்?

2000 டிசம்பரில் மும்பையில் ‘ரிமம்பர் சக்தி’ குழு அதற்குத் துணிந்தது. ஜான் மெக்லாலின் கிடார், ஜாகிர் உசேன் தபேலா, யு.சீனிவாஸ் மாண்டலின், செல்வகணேஷ் கஞ்சிரா. விருந்தாளிகளில் சந்தூர் சிவகுமார் சர்மா, டிரம்ஸ் சிவமணி, பாடகர் சங்கர் மகாதேவன், தவில் ஏ.கே.பழனிவேல். ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ ஆல்பம் 2001-ல் வந்தது.

இத்தனை பேரையும் சேர்த்துக் கட்டியது தாளக் கணக்கு. ஆங்கிலேயரான மெக்லாலினும் ‘தகிட, தகதிமி’ சொற்கட்டு கற்றவர்தான்.

நம்ம கோயில் தவில் கிடாருக்குச் சமமாக முழங்கியது. இங்கிலீஷ் வரலையேன்னு ஒதுங்கும் நமக்கும் தொழிற்கணக்கு சுத்தமாயிருந்தால் மேடை உண்டு!