கணினி தன் உறுப்புகளை எப்படி அறிந்துகொள்கிறது?

விண்டோஸையோ லினக்ஸையோ ஒரு கணினியில் புதிதாக நிறுவும்போது, முதல் சில நிமிடங்கள் திரையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. "என்னதான் பண்ணுது இது?" என்று நமக்குப் பொறுமை போய்விடும். ஆனால் அந்த நேரத்தில்தான் நிறுவும் மென்பொருள், தான் குடியேறப் போகும் வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று கணக்கெடுத்துக் கொண்டிருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் இந்தக் கணக்கெடுப்பில் பாதி நம் தலையில்தான் விழும். ஒலி அட்டை ஒன்றைச் செருகினால், அதிலுள்ள ஜம்பர்களை மாற்றி, அதற்குரிய இன்டரப்ட் எண்ணை நாமே ஒதுக்க வேண்டும். இரண்டு அட்டைகள் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால் தகராறுதான்!

1992-இல் வந்த பி.சி.ஐ. முறை இதை மாற்றியது. இம்முறையில் ஒவ்வொரு சாதனமும் தன் அடையாளத்தைத் தானே சுமந்து நிற்கிறது. முதல் இரண்டு பைட்டுகளில் தயாரிப்பாளர் எண், அடுத்த இரண்டில் சாதன எண். இன்டெல்லின் எண் 8086. 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் பெயரும் அதுவே. ஏ.எம்.டி.யின் எண் 1022. மென்பொருள் ஒவ்வோர் இடமாகப் போய், "யாருப்பா அங்கே?" என்று கேட்கிறது, இருப்பவர் எண்ணைச் சொல்கிறார். யு.எஸ்.பி. சாதனங்களுக்கும் இதுபோன்ற எண்கள் உண்டு.

எண் தெரிந்ததும், தன்னிடமுள்ள பட்டியலில் அதற்குப் பொருத்தமான டிரைவரைத் தேடுகிறது. டிரைவர் என்பது இயங்குதளத்துக்கும் சாதனத்துக்கும் நடுவே நிற்கும் துபாஷி. சரியான ஆள் கிடைக்காவிட்டால், பொதுவான ஒருவரை வைத்துச் சமாளிக்கும். புதிய கணினியில் திரை முதலில் மங்கலாக, பெரிய எழுத்துகளோடு தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

சிக்கல் எங்கே என்றால், டிஸ்க்கில். டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ டிஸ்க்கிலேயே இருந்தால்? பூட்டிய பெட்டிக்குள் சாவி மாட்டிக்கொண்ட கதை! லினக்ஸ் இதற்காகத் தேவையான டிரைவர்களை ஒரு சிறு மூட்டையாகக் கட்டி, முதலிலேயே நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, தனக்குத் தெரியாத டிஸ்க் கன்ட்ரோலர் என்றால் எஃப்6 விசையை அழுத்தச் சொல்லி ஃபிளாப்பியைக் கேட்டது. விஸ்டா முதல் யு.எஸ்.பி. பென் டிரைவும் போதும் என்றானது.

தொல்லை இன்றும் தீரவில்லை. 2020-க்குப் பின் வந்த இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றில் வி.எம்.டி. என்ற அமைப்பு இயங்குகிறது. அதற்கான டிரைவர் இல்லாத விண்டோஸ் நிறுவி, டிஸ்க்கே இல்லை என்று சாதிக்கும். "டிஸ்க் போச்சு சார், புதுசு மாத்தணும்" என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள். முதலில் பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், காணாமற்போனது பெரும்பாலும் டிரைவர்தான். மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதை வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் விரித்து வைத்து, நிறுவும் திரையில் 'லோட் டிரைவர்' என்பதைச் சொடுக்கினால் டிஸ்க் தெரிந்துவிடும்.

இன்னொன்று: ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கணினியில் பயாஸுக்குள் போய் இந்த அமைப்பை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பழகிய துபாஷியைத் திடீரென்று மாற்றியது போலாகி, விண்டோஸ் எழாமலேயே நின்றுவிடலாம். அப்படி நின்றால் பதறாமல் பழைய அமைப்புக்கே திருப்புங்கள், அநேகமாக எழுந்துவிடும்.