வானம் தோண்டும் முன் ஊற்றைப் பாருங்கள்

தனுஷ்கோடி மணலில் கையால் ஒரு முழம், இரண்டு முழம் பறித்தால் போதும், ஊற்று கசிந்து நிறையும். கடல் பக்கத்திலேயே கிடக்கும், தண்ணீரைக் குடிக்கலாம். மணலில் இறங்கிய மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. குடத்தோடு வருபவருக்கு வரம். இதே கரையில் பள்ளிக்கூடத்துக்கோ அங்கன்வாடிக்கோ வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டுகிற மேஸ்திரிக்குத் தலைவலி.

கொஞ்சம் ஆழம் போனதுமே குழியில் தண்ணீர் ஊறும். மோட்டார் வைத்து இறைப்பார்கள். அடியிலிருந்து நீர் மேலே தள்ள, மணல் கஞ்சி கொதிப்பதுபோலப் பொங்கும். அள்ள அள்ளக் குழி ஆழமாகாது, பக்கம்தான் சரியும். இளகிப்போன அந்த மணல்மேல் அவசரமாக பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போட்டால் பிறகு ஒரு மூலை இறங்கி, சுவர் வெடிக்கும். தொல்லை அக்கம்பக்கத்துக்கும் போகும். நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு உப்பை அண்டவிடாது என்பது கணக்கு. நாள்கணக்கில் இறைத்து அந்த ஓரடியைக் குறைத்தால் பக்கத்துக் கிணறு கரிக்கத் தொடங்கும்.

குழியைச் சுற்றிக் குழாய்களை இறக்கி, தோண்டும் முன்பே நீர்மட்டத்தைத் தாழ்த்துவது ஒரு வழி. ஆழம் போகாமல், கட்டடம் முழுவதற்கும் ஒரே பலகையாக ராஃப்ட் அஸ்திவாரம் போடுவது இன்னொன்று. இரண்டுக்கும் எஸ்டிமேட்டில் இடம் வேண்டுமே! அரசு வேலையில் அஸ்திவாரம் முதலில் காகிதத்தில்தான் கெடுகிறது என்பேன். மே மாத வெயிலில் மண் பரிசோதனை நடக்கும். நீர்மட்டம் கீழே கிடக்கும். டெண்டர் முடிந்து ஒர்க் ஆர்டர் கைக்கு வரும்போது ஐப்பசி மழை பிடித்துவிடும். நீர் இறைக்கும் செலவு கணக்கில் இல்லை என்று ஃபைல் மேலே போகும். குழி திறந்தே கிடக்கும்.

மண் பரிசோதனை பெரிய மர்மமல்ல. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் மண் இளக்கம். கடற்கரைக்குப் போட்ட வரைபடத்தை முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசலுக்கு அப்படியே கொண்டுபோகவும் கூடாது. கரிசல் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அடியில் குமிழ்போல் அகன்ற பைல்தான் அங்கே சரி.

குழி ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகை அடித்து முட்டுக்கொடுக்க வேண்டும். அள்ளிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பது, உள்ளே நிற்கும் சித்தாள் தலையில் குவிப்பதற்குச் சமம்.

பிறகு உப்பு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். இரும்பை உப்புக்காற்று அரித்திருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு கட்டுப்படியாகாது. ஆனால் கடலோரத்தில் கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம்30 தரத்தில் இருக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம்.

கலவைக்கு எந்தத் தண்ணீர் என்றும் கேளுங்கள். குழியில் இறைத்ததையே ஊற்றிவிட்டு, வாயில் வைத்துப் பார்த்து, “நல்ல தண்ணிதான் சார்” என்பார்கள். வேறு வழியில்லாத ஊரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் குளோரைடு வரை குடிக்க அனுமதி உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 500தான்.